புக்கித் தீமா மலையின் தவளைக் கணக்கு

சிங்கைத் தீவின் நடுவே நிற்கும் புக்கித் தீமாவுக்கு மலாய் மொழியில் 'வெள்ளீய மலை' என்பது பொருள். ஆயினும் அது வெள்ளீயத்துக்குப் பேர்போன மலை அன்று. அடி முதல் முடி வரை கருங்கல். தெமாக் என்னும் மரத்தின் பெயரே வாய்வழி திரிந்து தீமா ஆயிற்று எனக் கருதுவோரும் உளர். மலையின் உயரம் 163 மீட்டர். கேமரன் மலையைக் கண்டு பழகிய தீபகற்பத்து நண்பர்கள், இதனையும் மலை என்கிறீர்களா என்று முறுவலிப்பதுண்டு. இருப்பினும் இத்தீவில் இதனினும் உயர்ந்த இயற்கை நிலம் வேறில்லை. அதன்மேல் இன்று எஞ்சியிருக்கும் காப்புக்காட்டின் பரப்பும் 163 ஹெக்டேர். உயரமும் பரப்பும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயலே. நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது.

அடுக்குமாடி வீடுகளும் விரைவுச்சாலையும் சூழ்ந்த இக்காட்டிலும், இதனை அடுத்துள்ள நீர்ப்பிடிப்புக் காட்டிலும் வாழும் தவளை, தேரை ஆகியவற்றைப் பற்றியது இக்கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றை எண்ணியவர்களையும் எண்ணத் தவறிய காலத்தையும் பற்றியது. தவளைக்கு என்ன வரலாறு என்று வினவுவோர் இருக்கலாம். ஆளுநர்களுக்கும் வணிகர்களுக்கும் வரலாறு எழுதும்போது அவர்கள் நின்ற நிலத்துக்கும் எழுதத்தான் வேண்டும். ஒரு நிலம் ஈரம் இழந்ததை முதலில் உணர்வது தோலாலும் மூச்சு வாங்கும் உயிர்தான்.

தமிழில் இவ்வுயிர்களுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. தவளை, தேரை, நுணல், மண்டூகம் எனப் பல சொற்கள் உள. நுணல் என்பது மண்ணுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு வெளிவருவது என்பர். பேச்சு வழக்கில் நாம் இவற்றையெல்லாம் கைவிட்டு, நீரில் குதிப்பது தவளை, வீட்டு மூலையில் குந்தியிருப்பது தேரை என்று இரண்டே பிரிவில் அடக்கிவிட்டோம். மலாய்க்காரர் கத்தாக் என்றும் கோடோக் என்றும் வழங்குகின்றனர். நாம் கிணற்றுத் தவளை என்று யாரை இகழ்கிறோமோ அவரையே அவர்கள் சிரட்டைக்கு அடியில் இருக்கும் தவளை என்கின்றனர். கிணறு வெட்டி நீர் இறைத்தவன் கிணற்றையும், தென்னை நிழலில் வாழ்ந்தவன் சிரட்டையையும் உவமை கொண்டான். தவளை மட்டும் இரு வீட்டிலும் இருந்திருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1819இல் ஆங்கிலேயர் இங்கு வணிக நிலையம் அமைத்தபோது தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடு. அடுத்த அறுபது ஆண்டுகளில் அது மறைந்த வேகம் வியப்பூட்டுவது. இதற்கு முதற்காரணம் நகரம் அன்று. காம்பியர் என்னும் கொடி. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டிக்கு இனமான இதன் சாறு, தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் பயன்பட்டது. இலையைப் பறித்து அன்றாடம் கொப்பரையில் இட்டுக் காய்ச்ச வேண்டும். அடுப்புக்கு விறகு, பக்கத்துக் காட்டிலிருந்தே வந்தது. எனவே காம்பியர்த் தோட்டம் ஒன்று தான் நின்ற நிலத்தை மட்டும் அன்றி, தன்னைச் சூழ்ந்த காட்டையும் தின்று தீர்த்தது. காய்ச்சி எடுத்த சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாக இட்டனர். ஏறத்தாழப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் வலுவிழந்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தனர். விட்டுச் சென்ற இடத்தை லாலாங் புல் பற்றிக்கொண்டது. காட்டு ஓரத்தில் உழைத்த சீனத் தொழிலாளர் புலிக்கு இரையாயினர். நாளொன்றுக்கு ஒருவர் மாண்டார் என்று அக்காலத்தில் பேசப்பட்டது. மிகையாக இருக்கலாம், அச்சம் மிகையன்று.

இக்காட்டைத் திறந்துவிட்ட சாலைகளில் நம்மவர் கைகளும் உண்டு. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து, சென்னை மாகாணம் உட்பட, நாடு கடத்தப்பட்ட கைதிகள் சிங்கையில் சாலை வெட்டினர், கல் உடைத்தனர், சதுப்பு நிலம் தூர்த்தனர். அவர்கள் காலில் விலங்கோடு இட்ட பாதைகளில் பின்னர் வணிகம் நடந்தது. சாலை வந்த இடத்தில் காடு பின்வாங்கியது என்பதற்காக அவர்களைக் குறை கூறுவது அறமாகாது. எதை வெட்டுவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லை.

1854இல் ஆல்ஃபிரெட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கை ஆய்வாளர் புக்கித் தீமாவுக்கு வந்து, அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். மலையின் பல பகுதிகள் அப்போதே வெட்டப்பட்டிருந்தன. எஞ்சிய காட்டுத் துண்டுகளில், ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பிலேயே, இரண்டு மாத அளவில் சுமார் 700 வகை வண்டுகளை அவர் திரட்டினார். புலியைப் பிடிக்கத் தோண்டிய குழிகளில் விழாமல் நடப்பதே அவருக்குக் கவலையாக இருந்ததாம். பின்னாளில் போர்னியோவில் மரத்திலிருந்து சறுக்கிப் பறக்கும் தவளையை உலகுக்கு அறிவித்தவரும் இவரே. ஆனால் புக்கித் தீமாவில் அவர் கருத்து வண்டுகளின் மீதே இருந்தது. வெட்டிச் சாய்த்த மரங்களில் வண்டுகள் மொய்த்ததால் அவருக்கு வேட்டை எளிதாயிற்று. காடு அழிவதே அவருடைய பேழை நிறையக் காரணமாயிற்று என்பது ஒரு கசப்பான உண்மை. அந்த இரண்டு மாத இரவுகளில் ஒரு விளக்கை ஏந்தி ஓடைக்கரையில் அவர் தவளைகளையும் எண்ணியிருந்தால், நாம் இன்று எதை இழந்தோம் என்பதைச் சற்றேனும் அறிந்திருப்போம்.

அவருக்குச் சில ஆண்டு முன்னரே, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பணியாற்றிய டேனிஷ் நாட்டவர் தியோடர் கேண்டர், மலாயாத் தீபகற்பத்தின் ஊர்வனவற்றுக்கு 1847இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். தவளைகளும் அதில் இடம்பெற்றன. பிறகு நெடிய இடைவெளி. 1890களில் ஸ்டான்லி ஃபிளவர் தீபகற்பத்திலும் சயாமிலும் திரட்டியவற்றை எழுதினார். பிரிட்டிஷ் அரும்பொருட்சாலையின் பூலாஞ்சர் 1912இல் தீபகற்பம் முழுமைக்கும் ஒரு நூல் செய்தார். சயாம் அரசவையில் மருத்துவராக இருந்த மால்கம் ஸ்மித் 1930இல் எழுதியது, சிங்கையின் ராஃபிள்ஸ் அரும்பொருட்சாலை வெளியீடாகவே வந்தது. தீபகற்ப மலேசியாவின் நீர்நில வாழ்வன பற்றிப் பெரி என்பவர் எழுதிய நூல் 1975இல் கோலாலம்பூரில் வெளியாயிற்று. சிங்கைக்கென்று கெல்வின் லிம், ஃபிரான்சிஸ் லிம் இருவரும் 1992இல் ஒரு கையேடு தந்தனர். 1999இல் லியோங், சோ ஆகியோர் தவளைகளை விட்டுவிட்டு அவற்றின் குஞ்சுகளாகிய தலைப்பிரட்டைகளையே ஆராய்ந்து எழுதினர். என் நோக்கில் இப்பணி மிகவும் மதிக்கத்தக்கது. வளர்ந்த தவளை எங்கும் தத்திச் செல்லும். தலைப்பிரட்டை இருக்கும் குட்டையோ, இனம் அங்கே பெருகுகிறது என்பதற்குச் சான்று.

இப்பட்டியலைக் கொண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கைப் பூமலையின் கண்காணிப்பாளர் நத்தானியல் கேண்ட்லி, காடுகளின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை தந்து, புக்கித் தீமா காப்புக்காடாக்கப்பட்ட ஆண்டு 1883. அதற்குள் தீவின் முதுகாட்டில் பெரும்பகுதி போயிற்று. தவளைகளை ஊன்றி எண்ணியோர் பெரும்பாலும் அதற்குப் பின்னரே வந்தனர். வீடு தீப்பற்றி எரிந்து அடங்கிய பிறகு வந்து பாத்திரங்களை எண்ணிய கதை இது. ஆகவேதான் 2003இல் புரூக், சோதி, இங் என்னும் மூன்று ஆய்வாளர்கள் சிங்கையின் உயிரின இழப்பைக் கணக்கிட்டபோது, பறவை, வண்ணத்துப்பூச்சி, மீன் ஆகியவற்றில் பெருத்த இழப்பும், தவளையினத்தில் மிகக் குறைந்த இழப்பும் ஏட்டில் தெரிந்தன. தவளை வலிய உயிர், எதையும் தாங்கும் என்று இதனைப் பொருள் கொள்வோர் உண்டு. அவ்வாறு கொள்ளுதல் பிழை என்பது என் கருத்து. ஏட்டில் ஏறாதது ஏட்டிலிருந்து குறையவும் முடியாது.

எஞ்சியவை எவை? உள்நாட்டினவும் வந்தேறியவையுமாகச் சிங்கைத் தவளைகள் ஏறத்தாழ முப்பது வகை. இவற்றுள் நாம் அன்றாடம் காண்பவை காட்டைச் சேர்ந்தவை அல்ல. கால்வாய் ஓரத்திலும் விளக்குக் கம்பத்தின் அடியிலும் குந்தி ஈசலை விழுங்கும் தேரை, காடு அழிந்ததால் வாழ்வு பெற்றது. நண்டு தின்னும் தவளையோ உப்பு கலந்த நீரையும் பொறுத்துக்கொள்ளும்; தவளை இனத்துக்கு இது அரிய ஆற்றல். சீனர் உணவுக்கடைகளில் 'வயற்கோழி' என்ற நாகரிகப் பெயரோடு தட்டில் வருவது தவளைதான். அதற்கு இப்போது பண்ணையில் வளர்த்த அமெரிக்கத் தவளை உதவுகிறது. மழை கொட்டிய இரவில் மாடு கத்துவது போல் ஒலி எழுப்பும் பருத்த பட்டைத் தவளையும் வெளியிலிருந்து வந்து குடியேறியதே. மண்ணுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு எழும் அதனைக் கண்டால் நுணல் என்ற பழஞ்சொல்லுக்கு மீண்டும் வேலை கொடுக்கலாம்.

காட்டுக்குள் சென்றால் வேறு உலகம். கண்ணுக்கு மேல் கொம்பு போன்ற தோல் நீட்சி கொண்ட கொம்புத் தவளை, சருகின் நிறமும் வடிவும் ஏற்றிருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. அதன் தலைப்பிரட்டைக்கு வாய் மேல்நோக்கிய புனல் போல் அமைந்திருக்கும்; நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்துகளை அது அவ்வாயால் உறிஞ்சி உண்ணும். எனவே அமைதியாக ஓடும் தெளிந்த ஓடை இல்லாமல் கொம்புத் தவளைக்கு வாழ்வில்லை. நான்கு கோட்டு மரத்தவளை நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ சுவரிலோ நுரையால் கூடு கட்டி முட்டையிடும். குஞ்சு பொரிந்ததும் நீரில் விழும். கட்டடப் பணி நடக்கும் இடத்துத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் போதும். அதன் உறவினமான இலவங்கப்பட்டை நிறத்து மரத்தவளைக்கும் முட்செறிந்த மேனியுடைய இன்னொன்றுக்கும் அது போதாது. அவை மரப்பொந்தில் தேங்கிய நீரையே நாடுகின்றன. பொந்து விழுவதற்கு மரம் முதுமை அடைந்திருக்க வேண்டும். புதிதாக நட்ட மரம் ஐம்பது ஆண்டு வளர்ந்தாலும் நிழல் தருமே ஒழியப் பொந்து தருவது அரிது.

இன்னும் சிறியது ஒன்று உண்டு. இரண்டு சென்டிமீட்டர் அளவே வளரும் தேரை. அறிவியலார் பெலோஃப்ரைன் சிக்னேட்டா என்பர். இலை இடுக்கிலோ விழுந்த மரத்தின் குழிவிலோ தேங்கிய சிறிதளவு நீரில் சில முட்டைகளே இடும். ஆயினும் முட்டை பெரிது. மஞ்சள் கரு மிகுதி. குஞ்சு வெளியே இரை தேடாமல் அக்கருவை உண்டே தேரையாகிவிடும். சுரண்டினால் பசை போன்ற நீரைத் தோலில் சுரக்கும் ஒட்டுத் தவளையும் இவ்வாறே குஞ்சுக்குக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்புகிறது. தீபகற்பத்து ஒட்டுத் தவளை ஒன்றுக்கு, மலேசியாவின் மூத்த விலங்கியல் அறிஞர் லிம் பூ லியாட் பெயரை 2012இல் சூட்டினர். அவர் 2020இல் மறைந்தார். ஓடை குறைந்த ஒரு குன்றுக் காட்டில் இத்தகைய சிக்கன வாழ்வினருக்குப் பிழைக்க வழியுண்டு என்பது எளிதில் விளங்கும். அகன்ற ஓடையை நம்பிய பெருந்தவளைகளுக்கு வழி குறைவு.

புக்கித் தீமா காப்புக்காடானதோடு கதை இனிதே முடியவில்லை. காப்புக்காடு என்னும் சொல்லின் பொருள் 1883இல் மரம் வளர்த்து விற்பதற்கான காடு என்பதே. 1930களின் பிற்பகுதியில் தீவின் காப்புக்காடுகள் பலவற்றை அரசு கைவிட்டது. 1939இல் புக்கித் தீமா, கிராஞ்சி, பாண்டான் ஆகிய மூன்றும் செடிகொடி, விலங்கு ஆகியவற்றின் நலம் கருதிப் பூமலையின் பொறுப்பில் விடப்பட்டன. மூன்றே ஆண்டுகளில், 1942 பிப்ரவரியில், மலைச்சரிவில் ஜப்பானியப் படையோடு கடும்போர் மூண்டது. போருக்குப் பின் 1951இல் இயற்கைக் காப்பிடச் சட்டம் வந்தது. காட்டைக் காத்தவர்களுக்கு எதிரிகள் மலையடிவாரத்திலேயே இருந்தனர், கருங்கல் குடைவோர். வளரும் நகருக்குக் கல் வேண்டும் என்பதும் உண்மை, வெடி வைத்துக் குடைந்த மலை மீண்டும் வளராது என்பதும் உண்மை. நீர்ப்பிடிப்புக் காட்டைப் பெரிதும் காத்தது, இயற்கைப் பற்றைக் காட்டிலும் குடிநீர்த் தேவையே. 1860களில் கட்டிய மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி மரம் வெட்டாமல் இருந்ததனால் அங்கே தவளைகளும் பிழைத்தன. தாகம் செய்த நன்மை என்று இதனைக் கூறலாம்.

பெரும் வெட்டு 1986இல் விழுந்தது. அவ்வாண்டு முடிவுற்ற புக்கித் தீமா விரைவுச்சாலை, மலைக்காட்டை நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டித்தது. இரு காடும் அதுவரை ஒரே காடு. பறவைக்கு அகலச் சாலை ஒரு தடை அன்று. வெயிலில் காய்ந்த தார் மீது ஈரத்தோல் உயிர் தத்திக் கடப்பது இயலாது. இரவில் கடக்க முயன்றால் சக்கரம். ஆகவே மலையில் உள்ள ஒரு தவளையினம் அற்றுப்போனால், எதிர்ப்புறத்தில் இருப்பது வந்து அவ்விடத்தை நிரப்பும் வாய்ப்பு அடைபட்டது. 2013இல் சாலைக்கு மேலே மண் நிரப்பி மரம் நட்டு, 62 மீட்டர் நீளத்துக்கு உயிரினப் பாலம் ஒன்று கட்டி முடித்தனர். நல்ல பணி. ஆயினும் எறும்புண்ணியும் புனுகுப்பூனையும் ஓரிரவில் கடக்கும் பாலத்தைச் சிறு தேரை கடக்கப் பல தலைமுறை ஆகலாம். அதுவரை பாலத்தின் மீது நிழலும் ஈரச் சருகும் குறையாதிருக்க வேண்டும்.

மலை 2014 செப்டம்பர் முதல் 2016 அக்டோபர் வரை சீரமைப்புக்காக மூடப்பட்டது. பாதைகளில் மக்கள் நெரிசலால் மண் அரித்து வேர்கள் வெளிப்பட்டிருந்தன. அப்போது தொடங்கி 2018 வரை மலையின் உயிர்கள் அனைத்தையும் எண்ணும் விரிவான கணக்கெடுப்பு நடந்தது. முடிவுகள் 2019இல் வெளியாயின. தவளைக் கணக்கு என்பது இருட்டு வேலை. நெற்றி விளக்கின் ஒளியில் கண்கள் மின்னும். அதைவிட நம்பத்தக்கது ஒலி. ஒவ்வொரு இனத்தின் ஆணும் தனக்கே உரிய குரலில் பெண்ணை அழைக்கும். இலைக்குள் மறைந்த விரலளவு உயிரைக் கண் காணாவிட்டாலும் காது அறிந்து ஏட்டில் எழுதிவிடும். தவளை தன் வாயால் கெடும் என்றார் நம் முன்னோர். பாம்புக்கு அது பொருந்தும். இங்கோ ஏட்டில் இடம்பெறாது போகவிருந்த தவளை, தன் வாயாலேயே இடம் பெறுகிறது.

இவ்விடத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காப்பிடம் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடப்படுகிறது. காட்டின் நன்மைக்கே அவ்விதி. அதனை நான் குறை கூறவில்லை. ஆனால் தவளைகள் முழுக்குரலில் பாடத் தொடங்கும் நேரமும் அதுவே. ஆண்டுதோறும் மலையேறும் பெருந்திரளான மக்களில் பெரும்பாலோர், இம்மலையின் மிகப் பழைய குடிகளின் குரலை ஒருமுறையும் கேளாமலே இறங்குகின்றனர். அவர்கள் அறிந்த காட்டொலி, சில்வண்டும் குரங்கும்தான்.

அச்சம் தீர்ந்துவிடவில்லை. 1986இல் அறிவியலுக்கு அறிமுகமான சிங்கை நன்னீர் நண்டு உலகில் வேறெங்கும் இல்லாதது. புக்கித் தீமாவின் ஓடை ஒன்றில் இருந்த அதன் கூட்டம் பின்னர் அருகி மறைந்தது. ஓடைநீரில் அமிலம் ஏறியது காரணமாகலாம் என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். நண்டுக்கு ஒவ்வாத நீர் தலைப்பிரட்டைக்கு ஒக்குமா என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். விசாக நாளில் புண்ணியம் கருதிக் கடையில் வாங்கிய தவளைகளையும் ஆமைகளையும் நீர்த்தேக்கங்களில் விடும் வழக்கம் வேறு. விடப்படும் பண்ணைத் தவளை பெரும்பாலும் மாண்டுபோகிறது. மாளாதது உள்ளூர்த் தவளையை விழுங்குகிறது. உயிரை விடுவிக்கும் எண்ணம் நல்லதே, இடம்தான் தவறு. தேசியப் பூங்காக் கழகத்தார் ஆண்டுதோறும் விசாகத்தையொட்டி இதனை எடுத்துரைத்து வருகின்றனர். மறுபுறம், 2022இல் திறந்த ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்காவில், பழைய கல்லுடைப்புப் பள்ளம் ஒன்று நன்னீர்ச் சதுப்பாக மாற்றப்பட்டிருக்கிறது. மலையைக் குடைந்த பள்ளமே தவளைக்குக் குளமாகும் வாய்ப்பு உண்டாயிற்று.

கணக்கில் ஒரு பக்கம் இன்னும் வெறுமையாக உள்ளது. தவளைக்கு உறவான, காலில்லாத, மண்ணுக்குள் புழுப்போல் வாழும் நீர்நில உயிர்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு 1960இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டெய்லர் பெயர் சூட்டினார். பெயரின் பிற்பகுதி 'சிங்கப்பூரென்சிஸ்'. சிங்கப்பூர் என்று குறிப்பிட்ட ஒரே ஒரு பழைய மாதிரியைச் சாடியில் கண்டே அவர் அவ்வாறு பெயரிட்டார். அந்த ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று எவர் கையிலும் அகப்படவில்லை. ராஃபிள்ஸ் அரும்பொருட்சாலையின் விலங்குச் சாடிகளும் 1972இல் ஸ்டாம்ஃபர்டு சாலைக் கட்டடத்தை விட்டு வெளியேறி, இடம் இடமாக அலைந்து, 2015இல்தான் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் நிலையான வீடு கண்டன. ஊரின் பெயர் தாங்கிய அந்தக் காலில்லா உயிர் மட்டும், மலைமண்ணில் எங்கேனும் புதைந்திருக்கிறதா, சாடியோடு முடிந்துபோயிற்றா என்று எவராலும் கூற முடியவில்லை. மழை பெய்த இரவுகளில் சருகைப் புரட்டிக்கொண்டு சிலர் இன்னும் தேடி வருகின்றனர்.